இணையக் கடை: வாடகைக்கா, சொந்தமாகவா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவில்பட்டி கடலைமிட்டாய், சென்னிமலை படுக்கை விரிப்பு, இளம்பிள்ளை சேலை என்று நம் ஊர்ச் சரக்கை இடையில் ஆள் இல்லாமல் நேராக இணையத்தில் விற்க நினைப்பவர்கள் பெருகிவருகிறார்கள். ஷாப்பிஃபை போன்ற ஆயத்தக் கடைத் தளத்தில் மாத வாடகை கட்டிக் கடை போடலாமா, வேர்ட்பிரஸ் என்ற இலவச இணையதள மென்பொருள் மேல் வூகாமர்ஸ் என்ற கடை மென்பொருளை நிறுவிச் சொந்தமாக நடத்தலாமா என்பதுதான் அவர்கள் முதலில் கேட்பது. பதில் சொல்பவர் எதைச் செய்து கொடுத்துப் பிழைக்கிறாரோ அதையே சிபாரிசு செய்கிறார். இரண்டு வகைக் கடைகளையும் பராமரிக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், கணக்கோடு சில விவரங்களைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

வாடகைத் தளத்தில் சர்வர் (கடை ஓடும் கணினி), பாதுகாப்பு, அப்டேட் எல்லாம் தள நிறுவனத்தின் பொறுப்பு. 2006 முதல் இயங்கும் ஷாப்பிஃபையும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் காமர்ஸ் சேவையும் இந்த வகை. 2011இல் வெளிவந்த வூகாமர்ஸ், ஓப்பன்கார்ட் போன்றவை மற்ற வகை. இவற்றில் மென்பொருளுக்குக் காசு இல்லை. ஆனால் அது ஓடும் இடத்துக்கும், அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கும் காசு உண்டு. இந்த இரண்டாவது செலவை யாரும் எழுதிக் காட்டுவதில்லை.

எழுதிப் பார்ப்போம். இணையத்தில் முன்பணமாக, அதாவது ஆர்டர் போடும்போதே பணம் கட்டி, வரும் விற்பனை மாதம் 1,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளரிடமிருந்து பணத்தை வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே சேவையின் கட்டணம் 2 சதவீதம் என்றால், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து 2,360 ரூபாய். இது இரண்டு வகைக்கும் பொது. ஷாப்பிஃபையின் அடிப்படைத் திட்டம் மாதம் ஏறக்குறைய 2,000 ரூபாய். அந்த நிறுவனத்தின் சொந்த பேமென்ட் சேவை இந்தியாவில் இல்லாததால், வெளி கேட்வே வழியாக வரும் ஒவ்வொரு ஆர்டரிலும் அடிப்படைத் திட்டக்காரர்களிடம் இன்னொரு 2 சதவீதம் எடுத்துக்கொள்கிறார்கள். அது இங்கே 2,000 ரூபாய். ஆக, வாடகைச் செலவு 4,000. சொந்தத் தளத்தில் 2 ஜிபி நினைவகம் உள்ள சர்வருக்கு மாதம் 1,000 ரூபாயும், பராமரிக்கும் ஆளுக்கு 3,000 ரூபாயும் ஒதுக்கினால் அதுவும் 4,000தான். விற்பனை 50,000 என்றால் வாடகைத் தளம் 3,000இல் முடிகிறது. சொந்தத் தளத்துக்கு அதே 4,000 ஆகும். விற்பனை 4,00,000 ஆனால் வாடகைத் தளம் 10,000 கேட்கும், சொந்தத் தளம் அப்போதும் 4,000ஐ ஒட்டியே நிற்கும். மேல்திட்டத்துக்குப் போனால் சதவீதம் குறையும், ஆனால் மாத வாடகை பல மடங்கு ஏறும். கேஷ் ஆன் டெலிவரி ஆர்டருக்கு அந்த 2 சதவீதம் கிடையாது. அதனால் உங்கள் விற்பனையில் எத்தனை பங்கு முன்பணம் என்று தெரியாமல் இந்தக் கணக்கைப் போடவே முடியாது. ஆப் செலவு வேறு இருக்கிறது. வாட்ஸ்அப் செய்தி, ஜிஎஸ்டி பில், வாடிக்கையாளர் மதிப்புரை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆப் சேர்ப்போம்; பலவற்றின் கட்டணம் டாலரில். நான்கு ஆப் சேர்ந்தால் வாடகையைத் தாண்டிவிடும்.

கணக்கு இப்படி இருந்தாலும் முடிவைப் பணம் மட்டும் தீர்மானிப்பதில்லை. தீபாவளிக்கு முந்திய வாரம், இரவு பத்து மணிக்குக் கடை திறக்காமல் நின்றால் யாருக்குப் போன் செய்வீர்கள்? அந்தக் கேள்விக்கு ஒரு பெயரும், எடுத்துப் பேசுவார் என்ற நம்பிக்கையும் இல்லாதவர்கள் சொந்தத் தளத்தைத் தொடவே கூடாது.

சொந்தத் தளத்தில் அடிக்கடி நேரும் கோளாறு யுபிஐ பணம் தொடர்பானது. வாடிக்கையாளர் போனில் ஆர்டர் போடுகிறார், யுபிஐ ஆப் திறக்கிறது, பணம் போய்விடுகிறது, அவர் திரும்பப் பிரவுசருக்கு வராமல் போனை மூடிவைத்துவிடுகிறார். பணம் கேட்வேக்கு வந்துவிட்டது, கடைக்கோ தெரியாது. ஆர்டர் ‘பேமென்ட் நிலுவை’ என்றே நிற்கிறது. பணம் வந்தவுடன் கேட்வே நேராகக் கடையின் சர்வருக்குத் தகவல் அனுப்பும் வெப்ஹுக் என்ற ஏற்பாடு இதற்காகவே இருக்கிறது. கேட்வே டாஷ்போர்டில் கடையின் வெப்ஹுக் முகவரியைப் பதிந்து, ரகசியக் குறியீட்டை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கொடுக்க வேண்டும். பிறகு 1 ரூபாய் ஆர்டர் ஒன்று போட்டு, பணம் கட்டியதும் பிரவுசரை வேண்டுமென்றே மூடிவிட்டு, ஆர்டரின் நிலை தானாக மாறுகிறதா என்று பாருங்கள். மாறவில்லையென்றால் பெரும்பாலும் சர்வரின் ஃபயர்வால் என்ற தடுப்பரண் அல்லது செக்யூரிட்டி ப்ளக்இன் (பாதுகாப்புக்காகச் சேர்க்கும் துணைமென்பொருள்) அந்தத் தகவலைத் தடுத்திருக்கும். ஒப்புதலான பணத்தைத் தானாக ‘கேப்சர்’ செய்யும், அதாவது வசூலித்துக்கொள்ளும், அமைப்பும் இயங்குகிறதா என்று பாருங்கள். ஒப்புதல் மட்டும் ஆகி கேப்சர் ஆகாத பணம், குறித்த நாள் கழித்து வாடிக்கையாளருக்கே திரும்பிவிடும். நீங்கள் சரக்கை அனுப்பியிருப்பீர்கள்.

இதோடு ஒட்டியது ஸ்டாக் பிரச்சினை. ஒரு நிறத்தில் ஒரே சேலை என்று விற்கும் இளம்பிள்ளைக்காரர்களுக்கு இது உயிர்நாடி. வூகாமர்ஸ் ஸ்டாக் கணக்கைப் பராமரிக்கும்போது, பணம் கட்டாத ஆர்டருக்கு 60 நிமிடம் சரக்கைப் பிடித்துவைத்து, பிறகு அந்த ஆர்டரை ரத்து செய்யும். அதன் இயல்பான அமைப்பு அப்படி. ஒற்றைச் சேலை ஒரு மணி நேரம் முடங்கினால் வாங்க வந்த அடுத்தவர் போய்விடுவார். எனவே 15 நிமிடமாகக் குறைக்கச் சொல்வேன். ஆனால் வெப்ஹுக் சரியாக ஓடுகிறதென்று உறுதி செய்த பிறகே குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் பணம் கட்டியவரின் ஆர்டர் ரத்தாகி, அதே சேலை இன்னொருவருக்கு விலைபோகும். அதே சேலையை இன்ஸ்டாகிராமிலும் காட்டி விற்பவர்கள், அங்கே விலை பேசி முடிந்த நிமிடமே இணையக் கடையில் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்க வேண்டும். எந்தத் தளமும் அதை உங்களுக்காகச் செய்யாது.

வேகத்துக்காக, பக்கங்களின் பிரதியைச் சேமித்துவைத்துக் காட்டும் கேஷ் (cache) ப்ளக்இன் போடுபவர்கள் கார்ட் (கூடை), செக்அவுட் (பணம் கட்டும் பக்கம்), என் கணக்கு ஆகிய மூன்று பக்கங்களையும் அதிலிருந்து விலக்க வேண்டும். விலக்காவிட்டால் ஒருவர் கூடையில் போட்டது மற்றவருக்குத் தெரியக்கூடும், முகவரிகூடத் தெரிந்துவிடலாம். அப்டேட்டை நேராக ஓடும் கடையில் போடாமல், பிரதி ஒன்றில் போட்டுப் பார்த்து, ஒரு ஆர்டர் வைத்துச் சோதித்த பிறகே கடைக்குக் கொண்டுவர வேண்டும். கடையின் தோற்றத்தை அமைக்கும் தீம் தன் பங்குக்கு மாற்றி வைத்திருக்கும் செக்அவுட் பக்கம் பழையதாகிவிட்டால், அப்டேட்டுக்குப் பிறகு ‘ஆர்டர் செய்’ பொத்தானே வேலை செய்யாமல் போகும். காசு கொடுத்து வாங்க வேண்டிய ப்ளக்இன்னை இலவசமாகத் தரும் தளங்களிலிருந்து எடுத்துப் போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கடைக்குள் திருட்டுநிரல் நுழையும் நேர்வழி அது. பேக்கப்பில் டேட்டாபேஸும் படங்கள் உள்ள ஃபோல்டரும் இரண்டும் இருக்க வேண்டும். அது கடை ஓடும் அதே சர்வரில் மட்டும் இருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை வேறோர் இடத்தில் விரித்துக் கடை திறக்கிறதா என்று பாருங்கள். விரித்துப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் கணக்கில் சேர்ப்பதில்லை.

வாடகைத் தளத்தின் குறை, வெளியேறும்போதுதான் தெரியும். பொருள்பட்டியல், வாடிக்கையாளர் பட்டியல், ஆர்டர் பட்டியல் மூன்றையும் சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக இறக்கலாம். வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டு வராது. தீமுக்குக் கொட்டிய பணம் அங்கேயே நின்றுவிடும், அது வேறு தளத்தில் ஓடாது. பலரும் கவனிக்காத ஒன்று, பொருள்பட்டியல் கோப்பில் படங்கள் இருக்காது; படங்கள் உள்ள இணைப்பு மட்டுமே இருக்கும். கணக்கை மூடினால் அந்த இணைப்புகளும் செத்துவிடும். எனவே புதுக் கடையில் எல்லாப் படங்களும் ஏறியதைப் பார்த்த பிறகே பழைய கணக்கை மூட வேண்டும். பழைய பக்க முகவரி ஒவ்வொன்றிலிருந்தும் புதிய முகவரிக்குத் தானாக அனுப்பும் நிரந்தரத் திருப்பம் (ரீடைரக்ட்) வைக்காவிட்டால், கூகுள் தேடலில் சேர்த்துவைத்த இடம் போய்விடும்.

எந்த வகையாக இருந்தாலும் டொமைன், அதாவது கடையின் இணைய முகவரி, உங்கள் பெயரிலும், உங்கள் மின்னஞ்சலிலும், உங்கள் போன் எண்ணிலும் இருக்க வேண்டும். கடை கட்டிக் கொடுப்பவர் தன் கணக்கில் டொமைனைப் பதிந்துகொண்டு, புதுப்பிக்கும் காலத்தில் கேட்ட தொகையைக் கறப்பது நம் மாவட்டங்களில் பரவலாக நடக்கிறது. இது அநியாயம். பில் வாங்கும் அன்றே டொமைன் கணக்கின் உள்நுழைவு, கேட்வே கணக்கு, ஹோஸ்டிங் (சர்வர் இடம்) கணக்கு மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தரமாட்டேன் என்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள். டொமைனை இரண்டு மூன்று ஆண்டுக்குச் சேர்த்தே கட்டிவிடுவது நல்லது. ஏனென்றால், கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்க முன் ஒப்புதல் கேட்கும் ரிசர்வ் வங்கியின் 2021 விதிக்குப் பிறகு, வெளிநாட்டு நிறுவனங்களுக்கான தானியங்கிக் கட்டணம் கார்டில் நின்றுபோவது சாதாரணமாக நடக்கிறது.

சட்ட விஷயத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும். புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தின்பண்டம் விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணையும் காட்ட வேண்டும். வரிக்குரிய சரக்கை வேறு மாநிலத்துக்கு விற்றால், ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் என்ற வரம்பைப் பார்க்காமல் ஜிஎஸ்டி பதிவு தேவை. சில கைவினைப் பொருள்களுக்கு விலக்கு உண்டு, ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். பதிவு இல்லாதவர்கள் கடையின் டெலிவரி பகுதியைத் தமிழ்நாட்டோடு நிறுத்திவைக்க வேண்டும். அன்றன்றே செய்து உள்ளூரில் மட்டும் தரும் இனிப்புக் கடைக்கு வூகாமர்ஸில் இன்னும் நுணுக்கமாகச் செய்யலாம்: டெலிவரி பகுதியில் 641* என்று போட்டால் அந்த எண்ணில் தொடங்கும் பின்கோடுகளுக்கு மட்டும் ஆர்டர் எடுக்கும். வாடகைத் தளத்தில் இது தனி ஆப் இல்லாமல் முடியுமா என்று பணம் கட்டுவதற்கு முன் சோதித்துக்கொள்ளுங்கள்.

என் கருத்து இது. ஐம்பது பொருளுக்குள் விற்று, வீட்டில் கணினி தெரிந்தவர் இல்லாதவர்கள் முதல் ஆண்டு வாடகைத் தளத்தில் இருக்கட்டும். டொமைனை மட்டும் தனியாக, தங்கள் பெயரில் வாங்கட்டும். வாடகைத் தளத்துக்குச் சதவீதமாகப் போகும் தொகை தொடர்ந்து ஆறு மாதம் ஒரு பராமரிப்பாளரின் ஊதியத்தைத் தாண்டினால், அப்போது சொந்தத் தளத்துக்கு மாறலாம். ஒற்றைச் சேலை விற்பவர்கள், பின்கோடு வாரியாக விலையும் டெலிவரியும் மாறுபவர்கள், மொத்த விலை சில்லறை விலை இரண்டும் வைத்திருப்பவர்கள் சற்று முன்னதாகவே மாறுவது நல்லது.

சென்னையிலுள்ள தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனமும், மாவட்டத் தொழில் மையங்களும் தரும் பயிற்சிகளில், கடையைத் திறப்பது எப்படி என்பதோடு டொமைன் யார் பெயரில் இருக்கிறதென்று பார்ப்பது, வெப்ஹுக்கைச் சோதிப்பது, பேக்கப்பை விரித்துப் பார்ப்பது ஆகிய மூன்றையும் கைப்பழக்கமாகக் கற்றுத்தர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு முழு நாள் இதற்குப் போதும்.

இப்படிக்கு,
இணையக் கடைப் பராமரிப்பாளர் ஒருவர்,
ஈரோடு.