நம்ம சிலம்பக் கூடம்: 2023-24 ஆண்டறிக்கை

தலைவர் அண்ணாச்சிக்கும், ஆசானுக்கும், கமிட்டி ஆளுங்களுக்கும், பிள்ளைங்கள கூட்டிட்டு வந்து வாசல்ல காத்துக் கெடக்குற அம்மா அப்பாமாருக்கும், கம்பு பிடிக்கிற எல்லாருக்கும் செயலாளரோட வணக்கம். 2023 ஏப்ரல்ல இருந்து 2024 மார்ச் வரைக்குமான அறிக்கை இது. சென்னை திருப்பூர்னு வெளியூர்ல வேலையில இருக்குற நம்ம பழைய பசங்களும் படிக்கணும்னு கேட்டதால பொதுக்குழுவுல வாசிச்சத முழுசா டைப் பண்ணி போடுறேன், கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

வழக்கமா அறிக்கைன்னா என்ன விழா நடந்துச்சு, யாருக்கு பொன்னாடை போத்துனோம், எத்தனை கப் வாங்குனோம்னு வரும். அதெல்லாம் கடைசியில சுருக்கமா இருக்கு. இந்த வருஷம் கமிட்டி கூடுறப்பலாம் பேச்சு சுத்திச் சுத்தி ஒரே எடத்துலதான் வந்து நின்னுச்சு. சேர்றவங்க ஏன் தொடர்ந்து வர்றதில்ல, பாதியில விட்டவங்கள எப்படி திரும்ப உள்ள கொண்டு வர்றது. அதப் பத்திதான் நெறைய எழுதப் போறேன், ஏன்னா கூடம் நடக்குறதும் மூடுறதும் அதுலதான் இருக்கு.

மே மாசம் எல்லா வருஷமும் போலத்தான், லீவு விட்டதும் கிரவுண்டுல கால் வைக்க எடம் இல்ல. 2023ல வெயிலுக்காக ஸ்கூல தள்ளித் தொறந்தாங்க, பெரிய கிளாஸ்களுக்கு ஜூன் 12, சின்னதுகளுக்கு ஜூன் 14, அதனால கோடை பேட்ச்சுக்கு கூடுதலா கொஞ்ச நாள் கெடைச்சது. ஜூலை பொறந்ததும் பாதிக்கு மேல காணோம். டியூஷன், ஸ்கூல் பஸ் லேட்டு, பாட்டி வீட்ல இருந்து வந்ததும் காய்ச்சல்னு காரணம் சொல்வாங்க, அதெல்லாம் உண்மைதான், ஆனா அதே டியூஷனுக்கு நடுவுலதான் மத்த பிள்ளைங்க வருதுங்க.

ஆசான்கிட்ட ஒரு நாள் சாயங்காலம் உக்காந்து இத நிதானமா கேட்டேன். அவரு சொன்ன கணக்கு எனக்கு சரின்னு படுது. மொத மாசம் கம்பு புதுசு, கை எரியும், உள்ளங்கையில கொப்புளம் வரும், ஆனாலும் பிள்ளை வரும், ஏன்னா நேத்து கீழ விழுந்த கம்பு இன்னைக்கு விழல, அது கண்ணுக்குத் தெரியுது. ரெண்டு மூணு மாசத்துல ரெண்டு கையிலயும் மாத்திச் சுத்த வந்துடும், வீட்ல வீடியோ எடுப்பாங்க, மாமா சித்தப்பாவுக்கெல்லாம் போயிரும். அதோட ஒரு கட்டம் முடிஞ்சுது. அதுக்கப்புறம் ஆசான் கம்ப கீழ வச்சிட்டு காலடி, அதாவது கால் எடுத்து வைக்கிற முறை, போடச் சொல்லுவாரு. அவர் காலத்துல காலடி முடிச்சாத்தான் கம்பையே கையில குடுப்பாங்களாம், இப்போ பிள்ளைங்க ஆசைக்காக மொதல்லயே குடுத்துர்றாரு, அதனால காலடி அவங்களுக்கு தண்டனை மாதிரி தெரியுது. முன்ன வை, பின்ன எடு, திரும்பு, உக்காந்து எந்திரி, மறுபடியும் அதே. வாரக்கணக்குல போட்டாலும் என்ன முன்னேறுனோம்னு பிள்ளைக்கும் தெரியாது, வாசல்ல நிக்கிற அம்மாவுக்கும் தெரியாது. அங்கதான் விட்டுட்டுப் போறாங்க. கஷ்டத்துக்காக விட்டவங்க ரொம்பக் கம்மி, அசையாம நிக்கிறோம்னு நெனச்சு விட்டவங்கதான் அதிகம்.

அதனால ஆகஸ்ட்ல இருந்து ஒரு மாத்தம் பண்ணோம். காலடி பழகுற பேட்ச்சுக்கு வாரக் கடைசியில கொஞ்ச நேரம் தொடுமுறை வைக்கிறது. தலைக்கவசம் மார்க்கவசம் மாட்டி விட்டு, நல்லா வேகமா சுத்தத் தெரிஞ்ச பையன காலடி தெரிஞ்ச பிள்ளைக்கு எதிர்ல நிறுத்துனாரு ஆசான். கம்பு ஒடம்புல பட்டா பாயிண்ட், அவ்வளவுதான் விளையாட்டு. வேகமா சுத்துற பையன் நின்ன எடத்துலயே நின்னு சுத்துறான், எதிர்ல இருக்குற பிள்ளை ஒரு எட்டு பக்கவாட்டுல எடுத்து வச்சு தோள்ல தொட்டுருது. பையன் மொகத்த பாக்கணுமே. அடுத்த திங்கக்கிழமை அவனே ஆசான்கிட்ட போய் காலடி போடுறேன்னு நின்னான். எதுக்குப் பழகுறோம்னு ஒடம்புக்குத் தெரிஞ்சுட்டா வர வைக்கிறது பெரிய வேலை இல்ல.

அடுத்தது இன்னும் முக்கியம். ஒருத்தர் ஒரு வாரம் வரல, ரெண்டு வாரம் வரல, காய்ச்சலோ பரிச்சையோ வீட்ல கல்யாணமோ ஏதோ ஒண்ணு. காரணம் முடிஞ்ச பிறகும் வர மாட்டாங்க. ஏன்னு கேட்டா ஆசான் திட்டுவாரு, கூட இருந்தவங்க முன்ன போயிருப்பாங்க, எப்படி மொகத்துல முழிக்கிறதுன்னு தயக்கம். இது பிள்ளைங்களுக்கு மட்டும் இல்ல, காலையில வர்ற நாப்பது வயசு அண்ணாச்சிமாருக்கும் அதேதான், சொல்லப்போனா அவங்களுக்குத்தான் ஜாஸ்தி. மழைக்கு ரெண்டு நாள் நின்னவரு மாசக்கணக்குல கடைத்தெருவுல நம்மள பாத்தாலே வேற சந்துல திரும்பிப் போறாரு.

இதுக்கு கமிட்டி ஒரு முடிவு எடுத்துச்சு, எல்லாரும் தயவு செஞ்சு கடைப்பிடிங்க. திரும்ப வந்தவங்கள பாத்து "என்ன இந்தப் பக்கம்", "வழி தெரிஞ்சுதா"ன்னு யாரும் கேக்கக் கூடாது. அன்போட கேட்டாலும் கேக்கக் கூடாது. வந்தா வணக்கம் போட்டு வரிசையில நிக்க வேண்டியது, அவ்வளவுதான். விடுபட்ட மாசத்துக்கு பீஸ் கேக்குறதும் கெடையாது, பொருளாளர் அண்ணன் இதுக்கு மொதல்ல ஒத்துக்கல, அப்புறம் அவரே முன்னின்னு சரின்னாரு. பத்தாவது படிக்கிற ஒரு பிள்ளை ரொம்ப நாள் வராம இருந்து, ஒரு நாள் காம்பவுண்டு கேட்டுக்கு வெளிய கம்ப சைக்கிள்ல கட்டுன வாக்குல அப்படியே நின்னுச்சு. உள்ள வரல, போகவும் இல்ல. ஆசான் ஒண்ணும் பேசல, ஜோடி இல்லாம நின்ன இன்னொரு பிள்ளைய பாத்து "அவள கூட்டிட்டு வந்து ஜோடி போடு"ன்னு சொல்லிட்டு அவர் வேலைய பாத்தாரு. அந்தப் பிள்ளை இன்னைக்கும் வருது, பொதுத்தேர்வு நேரத்துல கூட ஞாயித்துக்கிழமை தவறாம வந்துச்சு.

ஜோடிங்கிறது அங்கதான் எங்களுக்கு புரிஞ்சுது. தனியா சுத்துறவங்க நின்னா யாருக்கும் நஷ்டம் இல்ல, அவங்களுக்கே அது தெரியும். நான் போகலன்னா அவன் எதிர்ல ஆளில்லாம நிப்பான்னு தெரிஞ்சா கால் தானா கெளம்பும். அதனால செப்டம்பர்ல இருந்து எல்லாருக்கும் ஜோடி உண்டு, வயசு ஒயரம் பாத்து ஆசான் போட்டுக் குடுப்பாரு. வர முடியாத நாள் ஜோடிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லணும், ஆசானுக்குச் சொல்லலன்னாலும் பரவால்ல. அம்மாமார் பேட்ச்ல இது அருமையா வேலை செய்யுது, அவங்க இப்போ ஒருத்தர ஒருத்தர் வீட்டு வாசல்ல போய் கூப்பிட்டுக்கிட்டு சேந்துதான் வர்றாங்க.

டிசம்பர் 17, 18 வெள்ளத்த பத்தி நம்ம ஆளுங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல மழை, செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல பயணிகளோட மாட்டி நின்னத ஊரே பாத்துச்சு. தாமிரபரணி தண்ணி கூடத்துக்குள்ளயும் வந்துச்சு. ஷெட்டுல இருந்த கம்பெல்லாம் சேத்துல பொதைஞ்சு கெடந்துச்சு, கவசத்துல பாதிக்கு மேல ஒண்ணுக்கும் ஆகாம போச்சு. அவங்கவங்க வீடு, வாழைத்தோட்டம்னு பாக்கவே நேரம் பத்தாத நாளு அது, அதனால கூடத்த பொங்கல் கழிச்சு பாத்துக்கலாம்னு கமிட்டி விட்டுட்டோம்.

ஆனா யாரும் கூப்பிடாமலே மண்வெட்டியோட வந்தாங்க. வந்தவங்கள்ல ரெண்டு மூணு வருஷமா கூடத்துப் பக்கமே எட்டிப் பாக்காத பசங்கதான் முக்காவாசி. சகதிய அள்ளி வெளிய போட்டு, கம்ப ஒவ்வொண்ணா அடிபம்புல கழுவி, கோயில் வராண்டா நிழல்ல வரிசையா சாச்சு வச்சாங்க. வெயில்ல போட்டா மூங்கில் வெடிச்சிரும், நிழல்லதான் காயணும், அதுக்கே நாளாச்சு. காஞ்ச பிறகு ஆசான் வாசப்படி கல்லுல ஒவ்வொரு கம்பா தட்டிப் பாத்தாரு. நல்ல கம்பு டங்குன்னு பேசும், உள்ள கீறல் விட்டது பொத்துன்னு சத்தம் குடுக்கும், அத தனியா வச்சிரணும், ஏன்னா அடிக்கிறப்போ சிம்பு தெறிச்சு கண்ணுல பட்டுரும். வளைஞ்சத லேசா அனல்ல காட்டி, சூட்டோட மரக் கவட்டுல குடுத்து அமுக்கி நேராக்கி, எண்ணெய் போட்டு துணியால உருவி விட்டோம். பத்து வயசுப் பொடிசுங்க கூட எண்ணெய்க் கையோட உக்காந்துருந்துச்சுங்க. அந்த வேலைக்கு வந்த பழைய பசங்கள யாரும் ஏன் வரலன்னு கேக்கல, கேக்க நேரமும் இல்ல, வேலை முடிஞ்சதும் கம்ப கையில எடுத்து சும்மா ரெண்டு சுத்து சுத்துனாங்க, ஜனவரியில அவங்கள்ல பல பேரு பேட்ச்ல நின்னாங்க. வெள்ளத்துக்கு முன்னாடி இருந்தத விட கூட்டம் ஜாஸ்தி. எனக்கு இந்த வருஷத்துலயே மனசு நெறைஞ்ச விஷயம் இதுதான்.

அதே ஜனவரியில 19ல இருந்து 31 வரைக்கும் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டு நம்ம தமிழ்நாட்டுல, சென்னை மதுரை திருச்சி கோவைன்னு நாலு ஊர்ல நடந்துச்சு. சிலம்பத்த அதுல காட்சி விளையாட்டா சேத்துருந்தாங்க, சின்னமே வேலு நாச்சியார வச்சு வீர மங்கைன்னு இருந்துச்சு, பதக்கப் பட்டியல்ல தமிழ்நாடு ரெண்டாவது எடம். கோயில் திண்ணையில உக்காந்து போன்ல பாத்துட்டு பசங்க துள்ளுன துள்ளு இருக்கே! அந்த மாசம் புதுசா சேர நெறைய பேர் வந்தாங்க, சந்தோஷம். ஆனா ஒண்ணு, பாக்குறதுல வர்ற ஆசை சேர்றதுக்குத்தான் ஒதவும், மூணாவது மாசம் காலடி போடுறப்போ அந்த ஆசை கூட நிக்காது, அங்க ஜோடிதான் நிக்கணும்.

சர்டிபிகேட் விஷயமும் அப்படித்தான். அரசு வேலையில 3 சதவீத விளையாட்டு இடஒதுக்கீட்டுல சிலம்பமும் வந்துருச்சு, முதலமைச்சர் கோப்பையிலயும் இருக்கு, அதுக்காக சேக்குற பெத்தவங்கள நான் குறை சொல்ல மாட்டேன், நம்ம பிள்ளைங்களுக்கு ஒரு வழி தொறந்துருக்குன்னா அது நல்லதுதான். ஆனா சேந்த மாசமே சர்டிபிகேட் எப்போன்னு பிள்ளை முன்னாடியே கேக்காதீங்க. பிள்ளை அப்புறம் அத மட்டும்தான் எண்ணிக்கிட்டு இருக்கும், மாவட்டப் போட்டியில ஒரு தடவை தோத்துட்டு வந்தா கம்ப பரண்ல போட்டுரும். இந்த வருஷம் தோத்துட்டு வந்த பிள்ளைங்கள மறுநாளே ஆசான் பொடிசுங்களுக்கு சிலம்ப வணக்க முறைய சொல்லிக் குடுக்க நிறுத்துனாரு. சொல்லிக் குடுக்குற பிள்ளை லீவு போடவே மாட்டேங்குது.

மத்தபடி, ஆடி மாசம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுல ரெண்டு நாள் கம்பு வெளையாட்டு நடந்துச்சு, தீப்பந்தம் பெரியவங்க மட்டும் சுத்துனாங்க. ஆயுத பூஜை எப்பவும் போல. பொங்கல் விழா வெள்ளத்தால எளிமையா முடிச்சோம், அந்தக் காசுல கவசம் வாங்கிருக்கு. வரவு செலவு பொருளாளர் அண்ணன் வாசிச்சு பொதுக்குழு ஒத்துக்கிச்சு, நோட்டு அவர் வீட்ல இருக்கு, யார் வேணா பாக்கலாம். வெள்ளத்தப்போ கம்பு அனுப்பி வச்ச பக்கத்து ஊரு கூடத்துக்கும், வராண்டா குடுத்த கோயில் நிர்வாகத்துக்கும் சங்கத்தோட நன்றி.

வர்ற வருஷத்துக்கு ரெண்டு வேலை பாக்கி இருக்கு. ஷெட்டு தரைய ஒசத்தணும். பரிச்சை மாசத்துக்கு தனி நேரம் போடணும், ஏன்னா இந்த மார்ச்ல பிளஸ் டூ பரிச்சை 1ந்தேதியே ஆரம்பிச்சுருச்சு, பெரிய பிள்ளைங்க மொத்தமா நின்னுட்டாங்க, காலையில அரை மணி நேரம் காலடி மட்டும் வச்சாக் கூட அவங்களுக்கு விட்டுப் போகாதுன்னு ஆசான் சொல்றாரு. அதுக்கு காலையில வந்து காம்பவுண்டு கேட்ட தொறந்து விட ஒரு ஆள் வேணும், முடிஞ்சவங்க தலைவர் அண்ணாச்சிகிட்ட பேர் குடுங்க.

இப்படிக்கு,
செயலாளர்