பாசிவ் வாய்ஸை அவ்வளவு சுலபமாக ஒதுக்க முடியாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் ஆங்கிலப் பக்கத்தில், பாசிவ் வாய்ஸை, அதாவது செயப்பாட்டுவினையை, கூடுமானவரை தவிருங்கள், ஆக்டிவில் (செய்வினையில்) எழுதினால்தான் மிடுக்காக இருக்கும் என்று சொல்லியிருந்தீர்கள். கூடவே பயிற்சி என்று 'ராமா ஈட்ஸ் எ மேங்கோ'வை 'எ மேங்கோ இஸ் ஈட்டன் பை ராமா' என்று மாற்றச் சொல்லியிருந்தீர்கள். அறிவுரை பாதிதான் சரி. பயிற்சி சுத்தமாக உதவாது. மாம்பழம் ராமனால் தின்னப்படுகிறது என்று எந்த ஆங்கிலேயரும் வீட்டில் பேசுவதில்லை. யாரும் பேசாத ஒரு வாக்கியத்தை நாமே செய்து வைத்துக்கொண்டு, பார் எவ்வளவு அசிங்கம் என்றால் பாசிவ் என்ன செய்யும், பாவம்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனிக்கிறவனாக இருந்து, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் எழுதியே காலம் போனவன் நான். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். அன்றாட ஆங்கிலத்தில் பாசிவ் நன்றாகக் கைகொடுப்பது இரண்டு சேதிகளை எதிரெதிராக நிறுத்தும்போது. 'பட்', 'வைல்', 'ஆல்தோ' வருகிற வாக்கியங்களைத்தான் சொல்கிறேன்.

வேலைக்குப் போகும் பையன் தன்னைப் பற்றிச் சொல்கிறான்: 'ஐ வாஸ் பார்ன் இன் பவானி பட் பிராட் அப் இன் கோயமுத்தூர்.' இரண்டு பக்கமும் பாசிவ். (ஆங்கிலத்தில் பிறப்பதற்கே பாசிவ் வேண்டும், அது தனிக் கதை.) இதை ஆக்டிவில் சொல்லிப் பாருங்கள். அம்மா என்னைப் பவானியில் பெற்றார், ஆனால் மாமா வீட்டில் கோயமுத்தூரில் வளர்த்தார்கள் என்று போகும். இன்டர்வியூ எடுக்கிறவருக்கு அம்மாவும் மாமாவும் எதற்கு? பேச்சு பையனைப் பற்றியது. 'பட்' வந்த பிறகும் அவனே முன்னால் நின்றால்தான் பவானிக்கும் கோயமுத்தூருக்கும் உள்ள வித்தியாசம் எடுபடும். நடுவில் வேறு ஆள் நுழைந்தால் கவனம் அங்கே போய்விடுகிறது.

இன்னொரு வசதியும் உண்டு. 'தி ஷர்ட்ஸ் வேர் ஸ்டிச்ட் இன் திருப்பூர் பட் சோல்ட் இன் லண்டன்' என்றால் போதும், இரண்டாவது 'வேர்' தேவையில்லை. ஆனால் இரண்டு பாதியும் பாசிவாக இருந்தால்தான் இந்தச் சலுகை. 'ஹி வாஸ் இன்வைட்டட் பட் டிட் நாட் கம்' என்பதைப் பாருங்கள். அழைத்தது மற்றவர்கள், வராதது அவரே. அதனால் இரண்டாம் பாதிக்குத் தனியாக 'டிட்' வேண்டும். நம் பிள்ளைகள் 'இன்வைட்டட் பட் நாட் கேம்' என்று எழுதிச் சறுக்குவது இந்த இடத்தில்தான். புதிதாகச் சேருகிற பிள்ளைகள் எழுதும் மெயில்களில் 'சாம்பிள் சென்ட் பட் நாட் அப்ரூவ்ட்' என்றும் பார்த்திருக்கிறேன். அதில் முதல் 'வாஸ்' கூடக் கிடையாது. சாம்பிள் யாருக்கு எதை அனுப்பியது என்று அந்தப் பக்கம் முழிப்பார்கள்.

பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் பேச்சு அப்படி. 'படு' சேர்த்த வினையெல்லாம் அரசாணையிலும் செய்தித்தாளிலும் இருக்கும். வீட்டில் 'சோறு ஆக்கப்பட்டது, குழம்பு வைக்கப்படவில்லை' என்று யார் சொல்கிறார்கள்? நாம் வேறு வழியில் போகிறோம். 'நெய்யறது சென்னிமலை, விக்கறது ஈரோடு' என்கிறோம். 'ஆனால்' என்ற சொல்கூட வேண்டியதில்லை, இரண்டையும் பக்கத்தில் வைத்தாலே வித்தியாசம் தெரிந்துவிடுகிறது. 'மஞ்சளை வேக வெச்சாச்சு, பாலிஷ் போடலீங்க' என்கிறோம். 'ஆச்சு' போட்டதும் வேக வைத்தவர் மறைந்துபோகிறார். 'ரோடு போட்டாங்க, சாக்கடை கட்டல' என்றால் போட்டது யார் என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

இது கொச்சைப் பேச்சு என்று யாராவது சொன்னால் இலக்கணத்தைக் காட்டலாம். செயப்படுபொருளே வேலை செய்ததுபோலச் சொல்வதும் வழக்கில் உண்டு என்று தொல்காப்பியம் சொல்கிறது, நன்னூலும் சொல்கிறது. உரைக்காரர்கள் காட்டும் உதாரணம் 'திண்ணை மெழுகிற்று'. திண்ணை தன்னைத்தானே மெழுகிக்கொள்ளாது. ஆனாலும் மெழுகியவர் பெயர் அங்கே தேவைப்படவில்லை. நன்னூல் எழுதிய பவணந்தியாரை எங்கள் பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம், அந்தப் பெருமையும் எனக்கு உண்டு.

ஆகவே வகுப்பில் இப்படிச் சொல்லிக் கொடுத்தால் என்ன? 'தெச்சது இங்கே, வித்தது அங்கே' என்று உங்கள் வாயில் வருகிறதா, தைத்ததும் விற்றதும் யார் என்பது முக்கியமில்லையா, அங்கே ஆங்கிலத்தில் பாசிவ் போடு. 'வந்தது லேட்டு, போனது சீக்கிரம்' மாதிரி தானே செய்கிற காரியமென்றால் போடாதே. இதைப் புரிந்துகொள்ள மாம்பழமும் வேண்டாம், ராமனும் வேண்டாம்.

பெரிய எழுத்தாளர்களே பாசிவை வேண்டாம் என்றிருக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். உண்மைதான். ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் ஆங்கிலத்தின் நிலை பற்றி எழுதிய கட்டுரையில், ஆக்டிவ் போட முடிகிற இடத்தில் பாசிவ் போடவே கூடாது என்று விதி வைத்தார். அதே கட்டுரையின் முதல் வாக்கியத்தை எடுத்துப் பாருங்கள். ஆங்கிலம் கெட்டுக் கிடக்கிறது என்பதை அக்கறையுள்ளவர்கள் ஒப்புக்கொள்வார்கள் என்று தொடங்குகிறார், அப்புறம் 'பட்' போடுகிறார், உடனே 'இட் இஸ் ஜெனரலி அஸ்யூம்ட்' என்று பாசிவுக்குத் தாவுகிறார். அதை நம்மால் சரிசெய்ய முடியாது என்று பொதுவாக எல்லாரும் நினைக்கிறார்கள், அந்த எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியதில்லை. அவரைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. அந்த இடத்தில் பாசிவ் பொருந்துகிறது, போட்டார்.

உங்கள் கோபம் நியாயமாகிற இடமும் ஒன்று உண்டு. 'வீ பேக்ட் தி கூட்ஸ் ஆன் டைம், பட் தி ஷிப்மென்ட் வாஸ் டிலேய்ட்.' நல்லது நடந்தவரை 'வீ', கெட்டது வந்ததும் ஆளைக் காணோம். எங்கள் தொழிலில் இது தினசரிப் பழக்கம். விவரமான பையர் 'டிலேய்ட் பை ஹூம்?' என்று ஒரே வரியில் திருப்பி அனுப்புவார், அதற்குப் பதில் எழுதும்போதுதான் சாயம் போடும் டையிங்கில் துணி தங்கிய கதை வெளியே வரும். அமெரிக்க ஜனாதிபதி ரீகனே 1987 ஜனவரியில், ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரம் பற்றி நாடாளுமன்றத்தில் பேசும்போது, நினைத்ததை நாங்கள் அடையவில்லை என்பதுவரை 'வீ' என்றே சொன்னார். அடுத்த பாதியில் 'சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்'. தவறு செய்தது யார் என்பது அந்தப் பாதியில் இல்லை. 'பட்', 'அண்ட்' தாண்டியதும் ஆக்டிவ் திடீரென்று பாசிவாக மாறினால், யாரை ஒளிக்கிறார்கள் என்று பிள்ளைகள் கேட்கப் பழகட்டும். அதை உங்கள் பக்கத்தில் எழுதுங்கள், முழு மனதோடு வரவேற்கிறேன்.

அடுத்த இதழின் பயிற்சிக்கு ஒன்று தருகிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் 1899-இல் குன்னூர் வரை வந்தது. ஊட்டி வரை நீட்டியது 1908-இல். இரண்டையும் 'பட்' போட்டு, ரயில்பாதையை முன்னால் நிறுத்தி, ஒரே ஒரு 'வாஸ்' வைத்து எழுதச் சொல்லுங்கள். வருகிற விடைகளில் நல்லதாக நாலைந்தைப் பிரசுரித்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெர்ச்சண்டைசர் ஒருவர்,
பெருந்துறை