வேப்பிலை செருகிய வாசல்: இளம் மருத்துவர்களுக்கு ஒரு மடல்

ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதிதாகப் பணியில் சேரும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். 28 ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். உங்களுக்கு மருத்துவம் சொல்லித்தர எனக்குத் தகுதியில்லை. அம்மை போட்ட வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று மட்டும் தெரியும்.

ஒரு பங்குனியில், தட்டம்மை கண்ட மூன்று வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் மருத்துவமனைக்கு வந்தாள். நான்தான் கெஞ்சி அழைத்து வந்திருந்தேன். பிள்ளையின் இடுப்பில் வேப்பிலைக் கொத்து. மருத்துவர் அதை உருவிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, "இந்தக் காலத்திலுமா?" என்றார். அவள் பதில் பேசவில்லை. சீட்டை மேசையிலேயே வைத்துவிட்டுப் பிள்ளையோடு நடந்துவிட்டாள். மறுநாள் நான் போனபோது மாமியார் வாசற்படி தாண்ட விடவில்லை. பையன் பிழைத்தான், இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது.

அந்த வேப்பிலையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். வாசலில் அதைச் செருகிவிட்டால் வெளியாள் உள்ளே வரமாட்டார், வீட்டுப் பிள்ளைகள் தெருவுக்குப் போகமாட்டார்கள். தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பிருந்து தோன்றிய நான்கு நாள் வரை தட்டம்மை தொற்றும் என்று உங்கள் பாடத்தில் இருக்கிறது. பிந்திய நான்கு நாளை அந்தக் கொத்து பார்த்துக்கொள்கிறது. கொரோனா காலத்தில் வாசலில் தகரம் அடித்தும் நம்மால் இவ்வளவு சாதிக்க முடியவில்லை. ஊரில் யார் வீட்டில் அம்மை என்று எனக்கு முதலில் சொன்னதும் வேப்பிலைதான், பதிவேடு அல்ல.

இந்த வழக்கத்தில் குறை இருப்பது மருந்தைத் தள்ளிவைப்பதில். "ஆத்தா இறங்கியிருக்கிறாள், ஊசி போட்டால் கோபித்துக்கொள்வாள்" என்பார்கள். சிக்கல் இல்லாத தட்டம்மைக்கு ஊசி எங்கே வேண்டியிருக்கிறது? கண்ணைக் காப்பது வைட்டமின் ஏ திரவம். இன்று ஒரு வேளை, நாளை ஒரு வேளை. செருப்பைத் தெருவிலேயே விட்டு, கால் கழுவிப் போய், "நோய் எப்போது வந்தது?" என்று கேட்காமல் "முத்து என்றைக்குப் போட்டது, பாட்டி?" என்று கேட்டேன். ஊசிக்குக் கதவடைத்த வீடுகளில் கரண்டியில் ஊற்றிய திரவத்தை ஒரு பாட்டியும் தடுத்ததில்லை. அம்மை வீட்டில் தாளிக்கமாட்டார்கள். பிள்ளைக்கோ வழக்கத்தைவிட அதிகச் சத்து வேண்டும். "கஞ்சியோடு தாளிக்காத பாசிப்பருப்பு கொடுங்கள்" என்றால் அவர்கள் நியமமும் கெடாது. ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுத்ததில்லை: பிள்ளைக்கு மூச்சு இரைத்தால் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது. பெரியவர்களுக்குச் சின்னம்மை கண்டால் முதல் 24 மணி நேரத்திலேயே காட்டச் சொல்லுங்கள். வைரஸை அடக்கும் மாத்திரை நன்றாக வேலை செய்வது அப்போதுதான்.

மூடநம்பிக்கை என்று கிராமத்தை மட்டும் சுட்டாதீர்கள். 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது எங்கள் கையைக் கட்டியது மாரியம்மன் அல்ல, வாட்ஸ்அப். படித்த பெற்றோர் பலர் அன்று பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பவில்லை.

உங்கள் நிலையத்தின் வளாகத்தில் எப்படியும் ஒரு வேப்பமரம் நிற்கும். அம்மை கண்ட பிள்ளையைப் புறநோயாளிகள் வரிசையில் உட்காரவைக்காமல் அதன் நிழலில் வைத்துப் பாருங்கள். பக்கத்துப் பிள்ளைக்குத் தொற்றும் அபாயமும் குறையும், பாட்டியும் முகம் சுளிக்கமாட்டாள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு செவிலியர்