முதலில் முள்ளைப் பார், பிறகு தட்டைத் திட்டு

அன்புள்ள ரகு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. பதில் போடாதது என் தப்பு, மன்னித்துக்கொள். நேற்று மணி போனில் சொன்னதைக் கேட்டபிறகு இனி ஒரு நாளும் தள்ளக்கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன். ‘லெட் செப்பலின்’ ராக் குழுவின் ‘லெட் செப்பலின் 2’ இசைத்தட்டில், பழைய டேப்பின் ஒலியைச் சீர்செய்து 2014-இல் வந்த ரீமாஸ்டர் பதிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 1969 முதல் அச்சு ஒன்றைப் பெரிய விலைக்கு வாங்கப் போகிறாயாமே? அதுவும் அட்டைப் படத்தை மட்டும் பார்த்து! கொஞ்சம் பொறுடா. பணத்தை இன்னும் எடுக்காதே.

முதலில் உன் புகாருக்கு வருகிறேன். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு ‘தேங்க் யூ’. அதில் ‘ஸ்’ வருகிற இடமெல்லாம் எவர்சில்வர் தட்டில் கரண்டியால் சுரண்டுகிற மாதிரி இருக்கிறது, ரீமாஸ்டர் செய்தவர்கள் கெடுத்துவிட்டார்கள் என்கிறாய். அதே பக்கத்தின் முதல் பாட்டு ‘ஹோல் லாட்டா லவ்’ சுத்தமாகக் கேட்கிறது என்றும் நீயே எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரி போதும் எனக்கு. தட்டாக வெட்டுவதற்கு முன் ஒலியைச் சீர்செய்கிற மாஸ்டரிங் இரண்டு பாட்டுக்கும் ஒன்றுதான். மாறியது தட்டில் அவை இருக்கிற இடம்.

நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில், வெளி விளிம்பில் பாட்டு பதிந்த பள்ளம் நொடிக்கு ஏறக்குறைய 51 சென்டிமீட்டர் முள்ளுக்கு அடியில் ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது அது 21 சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். அதனால் 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை வெளியே 51 மைக்ரான் நீளத்துக்குத் தாராளமாக விரிந்திருக்கும். உள்ளே 21 மைக்ரானுக்குள் நெருங்கிக் கிடக்கும். இந்தத் தட்டின் முதல் பக்கம் 21 நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது, அதனால் ‘தேங்க் யூ’ உட்பகுதியில்தான் வந்து விழுகிறது. முள்ளின் அசைவை மின் அலையாக மாற்றுகிற உன் வி.எம்.95இ கார்ட்ரிட்ஜில் இருப்பது நீள்வட்ட முனை. அதன் பக்க ஆரம் சுமார் 8 மைக்ரான், ஆகவே அந்த நெளிவுக்குள் அது நுழையும். ஆனால் கோணம் சரியாக இருந்தால்தான் நுழையும். கோணம் கொஞ்சம் பிசகினாலும் அலையின் இரண்டு சுவர்களையும் வெவ்வேறு நேரத்தில் தொடும். உன் காதில் சுரண்டுகிற சத்தம் அதுதான்.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கு. கார்ட்ரிட்ஜின் கோணத்தைச் சரிபார்க்கிற பேர்வால்ட் அளவுத்தாளை அச்செடுத்துக்கொள். முக்கியம்: அச்செடுத்ததும் ஸ்கேல் வைத்து அளந்து பார். பிரிண்டர் சத்தமில்லாமல் மூன்று நான்கு சதவீதம் சுருக்கிவிடும், அப்புறம் எல்லாமே தப்பாகப் போகும். தட்டின் மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. என இரண்டு புள்ளிகள் அதில் இருக்கும். இரண்டிலும் முள் புள்ளியில் உட்கார்ந்து, முள்ளைத் தாங்குகிற அந்த மெல்லிய தண்டு கோடுகளுக்கு இணையாக நிற்கவேண்டும். கார்ட்ரிட்ஜின் உடம்பைப் பார்த்து முடிவு செய்யாதே. உடம்பும் தண்டும் ஒரே நேர்கோட்டில் இல்லாத கார்ட்ரிட்ஜ் நிறைய உண்டு. ஒரு புள்ளியில் சரியாக இருந்து மறுபுள்ளியில் திரும்பினால் கார்ட்ரிட்ஜை முன்னேயோ பின்னேயோ அரை மில்லிமீட்டர் நகர்த்தி மறுபடி பார். இரண்டு திருகையும் பாதி இறுக்கத்தில் வைத்துக்கொண்டு செய், இல்லாவிட்டால் கை ஓய்ந்துபோகும்.

அடுத்தது முள் தட்டை அழுத்துகிற எடை. இந்த முள்ளுக்கு 2.0 கிராம், 1.8-க்குக் கீழே போகவே கூடாது. எடை குறைந்தால் தட்டு தேயாது என்று நம் மணி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான். உண்மை நேர்மாறு. எடை போதாத முள் சத்தமான இடத்தில் சுவரைவிட்டு எழும்பி மறுபடி விழும். விழுகிற ஒவ்வொரு முறையும் பள்ளத்தை வெட்டும். கார்ட்ரிட்ஜைத் தாங்குகிற கையான டோன் ஆர்மின் எடைக்கல்லில் இருக்கிற எண்ணை நம்பாதே, சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள். தராசின் தட்டு இரும்பாக இருக்கக்கூடாது, கார்ட்ரிட்ஜின் காந்தம் இழுத்து அளவு பொய்யாகிவிடும்.

டோன் ஆர்ம் உள்ளே இழுபடாமல் எதிர்ப்பக்கம் இழுக்கிற ஆன்டி-ஸ்கேட்டை 2-இல் வைத்துத் தொடங்கு. பிறகு ‘தேங்க் யூ’வை ஹெட்போனில் கேள். சுரண்டல் வலது காதில் அதிகமாக இருந்தால் ஆன்டி-ஸ்கேட் போதவில்லை என்று பொருள்: டோன் ஆர்ம் உள்ளே இழுக்கப்பட்டு உட்சுவரை அழுத்துகிறது, வலது சேனல் இருக்கிற வெளிச்சுவர் பிடி விட்டுப்போகிறது. இடது காதில் அதிகமென்றால் ஆன்டி-ஸ்கேட்டைக் குறை. இன்னொன்று, போன முறை நீ அனுப்பிய படத்தில் டர்ன்டேபிளுக்கும், அதன் மெல்லிய ஒலியைப் பெருக்குகிற ப்ரீஆம்புக்கும் நடுவில் அத்தனை நீளக் கேபிள் எதற்கு? கேபிள் நீள நீள மின்தேக்கம் கூடும். இந்தக் கார்ட்ரிட்ஜுக்கு அது 100-இலிருந்து 200 பிகோஃபாரட் வரைதான் தாங்கும், ப்ரீஆம்பின் பங்கும் அதில் சேர்த்தி. அதைத் தாண்டினால் மேல்ஸ்தாயி உப்பிக்கொண்டு ‘ஸ்’ இன்னும் கூர்மையாகும். ஒரு மீட்டருக்குள் முடித்துக்கொள். இவ்வளவும் செய்தும் மிச்சம் இருந்தால் அதே உடம்பில் பொருந்துகிற, இன்னும் நுண்ணிய முனையுள்ள வி.எம்.95எம்.எல். முள்ளை மட்டும் வாங்கி மாட்டு. உட்பள்ளத்தில் அந்த முள் காட்டுகிற வித்தியாசத்துக்கு அந்தப் பணம் தகும்.

புதுத் தட்டுதானே என்று கழுவாமல் போட்டிருப்பாய். காகித உறை உரசிய தூள் புதுத் தட்டிலும் ஒட்டியிருக்கும், கழுவிவிடு. காய்ச்சி வடித்த நீரும் கொஞ்சம் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் போதும். ஆனால் அதே கலவையை அப்பாவின் பழைய 78 ஆர்.பி.எம். தட்டுகள் பக்கம் கொண்டுபோகாதே. அவை அரக்கு, ஆல்கஹால் பட்டால் கரைந்துவிடும்.

இனி அந்தப் பேய்க்குரல். ‘ஹோல் லாட்டா லவ்’ நான்காவது நிமிடத்தை ஒட்டி, பாடகர் ராபர்ட் பிளான்ட் பாடுவதற்கு ஒரு கணம் முன்பே அவர் குரல் தூரத்தில் மங்கலாக வந்து போகிறதே, அதைப் பக்கத்துப் பள்ளம் கசிகிறது, தட்டு பழுது என்று எழுதியிருக்கிறாய். இல்லை ரகு. அது மாஸ்டர் டேப்பிலேயே இருக்கிறது. முன்பு பதிவான குரலின் கசிவை மிக்ஸிங்கில் அடக்க முடியாமல் போனபோது, ஒலிப்பொறியாளர் எடி கிரேமரும் குழுவின் கிடார் கலைஞர் ஜிம்மி பேஜும் அதன்மேல் எதிரொலியைப் பூசி, வேண்டுமென்றே வைத்த மாதிரி ஆக்கிவிட்டார்கள். 1969 தட்டிலும் அது உண்டு, 2014 தட்டிலும் உண்டு. அதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விடாதே.

இப்போது நீ வாங்கத் துடிக்கிற தட்டு. ‘1969 முதல் அச்சு’ என்று எல்லோரும் ஏங்குவது ராபர்ட் லட்விக் என்ற ஒலிப்பொறியாளர் ஸ்டெர்லிங் சவுண்ட் ஸ்டூடியோவில் டேப்பிலிருந்து பள்ளமாக வெட்டிய பதிப்பைத்தான். பாஸையும் டிரம்ஸையும் அடக்காமல், சத்தமாக வெட்டினார். எந்தத் தட்டிலும் பாஸைக் குறைத்துத்தான் வெட்டுவார்கள், தட்டு வெட்டுவதற்கான ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற பொதுக் கணக்குப்படி 20 ஹெர்ட்ஸ் சுமார் 20 டெசிபல் இறக்கம். அப்படி இறக்கிய பிறகும் இதில் பள்ளம் அத்தனை அகலமாக ஆடுகிறது. லட்விக் பின்னாளில் சொன்னது இது: தட்டை வெளியிட்ட அட்லான்டிக் நிறுவனத்தின் அஹ்மத் எர்டெகுன் தன் மகளுக்கு அந்தத் தட்டைக் கொடுத்தார், அவளுடைய மலிவான பிளேயரில் முள் பள்ளத்தைவிட்டுத் துள்ளிவிட்டது, உடனே சத்தத்தைக் குறைத்து மறுபடி வெட்டச் சொல்லிவிட்டார்கள். புரிகிறதா? ‘தேங்க் யூ’வில் தடுமாறுகிற முள்ளை வைத்துக்கொண்டு நீ வாங்கப் போவது, முள்ளைத் துள்ளவைத்ததற்காகவே மாற்றப்பட்ட தட்டை.

வாங்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ‘ஹார்ட்பிரேக்கர்’ பாட்டின் கிடார் ஒரு பக்கம், டிரம்மர் ஜான் போனமின் கால் டிரம் வயிற்றில் வந்து இடிப்பது ஒரு பக்கம், அது வேறெந்தப் பதிப்பிலும் அப்படி வராது. ஆனால் அட்டை எதையும் நிரூபிக்காது. எஸ்.டி. 8236 என்ற தட்டு எண்ணும், லேபிளில் நிறுவனத்தின் 1841 பிராட்வே முகவரியும், மறுபடி வெட்டிய தட்டுகளிலும் உண்டு. பாட்டு முடிந்து லேபிள் தொடங்குகிற இடைவெளியில், பளபளப்பான வெற்று வளையத்தில், கையால் கீறிய, லட்விக்கின் பெயரெழுத்துகளான ஆங்கில ‘ஆர்’, ‘எல்’ இருக்கவேண்டும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். இரண்டு பக்கத்திலும் பார். ஒரு பக்கம் மட்டும் இருக்கிற தட்டுக்கு முழு விலை கொடுக்காதே. எழுத்து இருந்தாலும், ஐம்பது வருடத்துக்கு முந்தைய கனத்த முள் பள்ளத்தை உழுதிருந்தால் பிரயோஜனமில்லை. ‘தேங்க் யூ’வைப் போட்டுக் காட்டச் சொல், மறுத்தால் நடையைக் கட்டு.

2014 தட்டைக் குறைத்துப் பேசாதே. பேஜும், லண்டன் மெட்ரோபோலிஸ் ஸ்டூடியோவில் ஒலிப்பொறியாளர் ஜான் டேவிஸும் பழைய டேப்பிலிருந்து எடுத்து, டிஜிட்டல் கோப்பு வழியாக வெட்டிய பதிப்பு. மேல்ஸ்தாயி கொஞ்சம் தூக்கல், பாஸில் லட்விக்கின் அந்த இடி இல்லை. ஆனால் மேற்பரப்பு அமைதியாக இருக்கிறது, சிம்பல்கள் ஒன்றோடொன்று குழம்பவில்லை. 180 கிராம் என்பதை மட்டும் பெருமையாகச் சொல்லாதே, கனத்துக்கும் பள்ளத்துக்கும் சம்பந்தமில்லை. இரண்டையும் ஒப்பிடுகிற நாள் வந்தால் சத்த அளவைச் சமமாக்கிவிட்டுக் கேள். லட்விக் தட்டு சத்தமானது. ஒரு டெசிபல் கூடினாலே காது அதைத்தான் நல்லது என்று சொல்லும்.

உன் தட்டைத் திருப்பிக் கொடுக்க உண்மையான காரணம் ஒன்று இருக்கலாம்: நடு ஓட்டை தள்ளிப்போயிருப்பது. தட்டு சுழலும்போது டோன் ஆர்மைப் பக்கவாட்டில் கவனி. ஒவ்வொரு சுற்றுக்கும் இடமும் வலமும் ஊசலாடினால் ‘தேங்க் யூ’வின் ஆர்கன் சுருதி அலையும். அப்படியென்றால் கட்டாயம் மாற்றி வாங்கு.

வீட்டில் எல்லோரும் நலம். சின்னவளுக்குப் பரீட்சை முடிந்தது. மணியின் கால் தேவலை, இரண்டாம் மாடி வரை ஏறுகிறான். அந்த 1969 தட்டை விற்கிறவரிடம் வெற்று வளையத்தின் படம் கேட்டு எனக்கு அனுப்பு. இரண்டு பக்கமும், டார்ச் வெளிச்சத்தில். படம் வருகிற வரைக்கும் முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
சேகர்