அம்மாவின் செண்டுமல்லி கிடைத்துவிட்டது

போர்ட் லூயி, மொரீஷியஸ்
17 நவம்பர் 2024

அன்புள்ள வசந்தி,

நீ ஆகஸ்டில் எழுதிய கடிதம் இன்னும் என் தையல் பெட்டிக்குள் இருக்கிறது. மூன்று மாதம் பதில் போடாமல் இருந்ததற்குக் காரணம் வேலையும் இல்லை, முழங்கால் வலியும் இல்லை. உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். அதைச் சொல்லாமல் மற்றதையெல்லாம் எழுத மனம் வரவில்லை.

இங்கே எல்லாரும் நலம். இவருக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, மருமகளுக்கு ரோஸ் ஹில் பள்ளிக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. தீபாவளிக்கு லட்சுமி டீச்சர் வந்து உன்னைக் கேட்டுவிட்டுப் போனார், இன்னும் அதே குடைதான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் கல்யாணத்தின்போது உன் அம்மா ஒரு பால்மாவு டின்னில் செண்டுமல்லி விதை கொடுத்தார்களே, அதை நான் ஒரு வருஷம்கூட விடாமல் எடுத்து வைத்து, விதைத்து, மறுபடி எடுத்து வைத்து வந்தேன். செங்கல் நிறத்தில், நடு இதழ்கள் இறுகி, கையில் எடுத்தாலே வாசம் ஒட்டிக்கொள்ளும் அந்தப் பூ. தைப்பூசத்துக்கு அம்மா கோர் தெ கார்த் மலைக்கோவிலுக்குக் கொண்டுபோவார்களே, அதே பூ. இந்த ஜனவரியில் பெலால் புயல் வந்ததல்லவா, 15ஆம் தேதி திங்கட்கிழமை, அன்று எங்கள் தெரு ஆறாக ஓடியது உனக்குத் தெரியும். காவடிக்குப் பத்து நாள்தான் இருந்தது, செடியெல்லாம் மொட்டு. பின்கட்டில் இடுப்பளவு தண்ணீர். செடி போனது போகட்டும், கொட்டகையில் கீழ்த்தட்டில் வைத்திருந்த டின்னும் போய்விட்டது. அது மேல்தட்டில் இருந்திருக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் மேல்தட்டில்தான் வைப்பேன்.

நீ தொலைபேசியில் "அம்மா செடி தப்பித்ததா?" என்று கேட்டபோது "ம்" என்று சொன்னேன். கத்தரிக்காய் மேல் சத்தியம் செய்து பழகிய வாய், ஆனாலும் அந்த ஒரு "ம்" இத்தனை மாதம் என்னை அறுத்துக்கொண்டிருந்தது. கடையில் ஒட்டுரக விதை வாங்கிப் போட்டேன், பெரிய பெரிய பூவாகத்தான் வந்தது, வாசம் இல்லை. அதை அம்மா செடி என்று உன்னிடம் காட்ட முடியுமா?

இப்போது கேள். வெள்ளம் வடிந்த பிறகு முற்றத்தில் கிடந்த சேற்றைக் கூடை கூடையாக அள்ளிக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் சுவரோரம் குவித்திருந்தோம். ஆகஸ்டில், ஒரு தூறலுக்குப் பிறகு, அந்த மண்மேட்டில் ஐந்து கன்று முளைத்திருந்தது. இலையைக் கசக்கி மோந்தேன், செண்டுமல்லிதான். ஆனால் எது என்று தெரியவில்லை. ஒட்டுரகத்தின் விதை விழுந்து முளைத்திருக்கலாம், பக்கத்து வீட்டிலிருந்து வந்திருக்கலாம். பூக்கும்வரை யாரிடமும் சொல்லக்கூடாது என்று இருந்தேன். தீபாவளிக்கு முந்தின நாள் முதல் பூ விரிந்தது. வசந்தி, அதே செங்கல் நிறம். அதே வாசம். நான் கோழிக்கூட்டுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருக்கிறேன், இவர் பாம்பு கடித்துவிட்டது என்று ஓடி வந்தார், இந்தத் தீவில் விஷப் பாம்பு எங்கே இருக்கிறது!

அடுத்த காவடி பிப்ரவரி 11. இன்றிலிருந்து 86 நாள். விதை முற்றிக் காய்வதற்கு டிசம்பர் ஆகிவிடும், அதற்குப் பிறகு விதைத்தால் பூ பிந்திவிடும், அதுவும் நம் கோடையில் பகல் நீளம் என்பதால் இந்தச் செடி உயரமாகத்தான் வளரும், மொட்டு வைக்கத் தாமதிக்கும். அதனால் விதைக்குக் காத்திராமல் பக்கக் கிளைகளை ஒடித்து நட்டேன். மொட்டு இல்லாத கிளையாக ஒரு விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூட, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, கழுவிய மணலில் குத்தி, நிழலில் வைத்து, மணல் காயாமல் பார்த்துக்கொண்டேன். 22 நட்டதில் 17 வேர் பிடித்திருக்கிறது, இரண்டே வாரத்தில். ஐந்து தாய்ச்செடியில் இரண்டை விதைக்கென்று கை வைக்காமல் விட்டிருக்கிறேன். ஒட்டுரகத்தை வேரோடு பிடுங்கிவிட்டேன், மகரந்தம் கலந்தால் அம்மாவின் நிறம் கெட்டுவிடும். பதினேழில் பத்து உனக்கு.

ஆனால் இப்போது இருக்கிற நிலையில் உன் தோட்டத்துக்குக் கன்று கொடுக்க எனக்குப் பயமாக இருக்கிறது, அதைத்தான் சொல்ல வந்தேன். போன வாரம் நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். நீ கியூர்பிப்பை விட்டுப் பாம்பூவுக்கு வந்த பிறகும் கியூர்பிப் தோட்டமே போடுகிறாய். அங்கே மேட்டு நிலத்தில் சில இடங்களில் வருஷத்துக்கு 4000 மில்லிமீட்டர் மழை, உன் மேற்குக் கரையில் 900 வந்தால் பெரிய விஷயம். அங்கே நீ தண்ணீரை வடிய வைக்கப் பாத்தியை மேடாக்கினாய், பாம்பூவிலும் அப்படியே மேடாக்கி, மண்ணைச் சுத்தமாகப் பெருக்கி, வெறுமையாக விட்டிருக்கிறாய். அந்த வெறும் மண்ணைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரிந்தது. நண்பகலில் அதன்மேல் கை வைத்துப் பார், வைக்க முடியாது. வேர் எப்படி இருக்கும்?

முதலில் கரும்புச் சோகை வாங்கு. வெட்டு முடியப்போகிறது, டிசம்பருக்கு மேல் கிடைப்பது கஷ்டம், பாம்பூவைச் சுற்றி யாரிடம் கேட்டாலும் ஒரு வண்டி தருவார்கள். நான்கு விரல் கனத்துக்குப் பரப்பு, செடியின் தண்டை ஒட்டாமல் ஒரு கை அகலம் விடு, ஒட்டினால் தண்டு அழுகும். பரப்புவதற்கு முன்னால் மட்கிய கோழி எரு ஒரு படலம் போடு, ஏனென்றால் சோகை மட்கும்போது மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகிவிடும், நீ உரம் போதவில்லை என்று ரசாயன உரத்தைக் கொட்டுவாய், காய்ந்த மண்ணில் அது வேரைச் சுட்டுவிடும். இதை நான் செய்து கெடுத்திருக்கிறேன்.

அப்புறம் தண்ணீர். தினமும் மாலையில் குழாயைப் பிடித்துக்கொண்டு இலையெல்லாம் நனைக்கிறாயே, அதை விடு. மேல்மண் மட்டும் நனையும், வேர் மேலேயே தங்கிவிடும், இரவெல்லாம் ஈரமாக இருக்கிற இலையில் பூஞ்சணம் பிடிக்கும். விடியற்காலையில், வேரில், வாரத்துக்கு மூன்று தடவை, நிறைய. விரலை இரண்டு கணு வரை மண்ணில் விட்டுப் பார், ஈரம் இருந்தால் அன்று வேண்டாம். எங்கள் பக்கம் குழாயில் காலையில் சில மணி நேரம்தான் தண்ணீர், அதனால் பழைய பிளாஸ்டிக் போத்தலில் ஊசியால் துளை போட்டு, ஒவ்வொரு பாகல் கொடிக்கும் பக்கத்தில் புதைத்து வைத்திருக்கிறேன். அரிசி கழுவின தண்ணீரை அதில் ஊற்றிவிடுவேன். தொட்டித் தட்டுகளில் மட்டும் தண்ணீர் நிற்க விடாதே, டெங்கி வந்தவர்கள் பட்ட பாடு உனக்குத் தெரியும்.

பொம்தமூரை, அதுதான் தக்காளியை, பற்றி எழுதியிருந்தாய், பூ வந்து வந்து உதிர்கிறது என்று. இரவிலும் வெக்கை தணியாவிட்டால் அது சரியாகக் காய் பிடிக்காது, உன் மேல் குற்றம் இல்லை. கியூர்பிப்பில் இருந்த குளிர் அங்கே இல்லை. ஆனால் ஒரே இரவில் பச்சையாகவே துவண்டு போனது என்றாயே ஒரு செடி, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. தண்டை அறுத்து ஒரு கண்ணாடிக் கோப்பைத் தண்ணீரில் நிறுத்து. சிறிது நேரத்தில் பால்போல இழை இழையாக இறங்கினால் அது வாடல் நோய், மண்ணில் இருக்கிற பாக்டீரியா. அந்தச் செடியை வேரோடு எடுத்துக் குப்பைக்கு அனுப்பிவிடு, எருக்குழியில் போடாதே. அந்த இடத்தில் சில வருஷம் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை எதுவும் வேண்டாம். மண்வெட்டியையும் கழுவிவிட்டு அடுத்த பாத்திக்குப் போ.

இந்த வெயிலுக்கு என்றே பிறந்த செடிகள் இருக்கும்போது ஏன் பொம்தமூரோடு மல்லுக்கட்டுகிறாய்? லாலோ, நம் வெண்டைக்காய், போடு, வெயில் ஏற ஏறக் காய்க்கும். பீர்க்கங்காய், பாகல், பயற்றங்காய். இங்கே எல்லாரும் பிப்பங்காய் என்றும் பிரேட் முரும் என்றும் சொல்லும்போது நம் பீர்க்கங்காயும் முருங்கையும் கப்பல் ஏறி வந்து பெயரோடு தங்கிவிட்டதை நினைத்துக்கொள்வேன். பீர்க்கும் பாகலும் பிஞ்சு விட்டவுடன் ஒவ்வொன்றுக்கும் காகிதப் பை கட்டிவிடு, பழ ஈ குத்திவிட்டால் உள்ளே புழுதான். குத்துப்பட்டு விழுந்ததைப் பொறுக்கி, கறுப்பு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடு. கொத்தமல்லி இப்போது வேண்டாம், நான்கு இலை விட்டதும் பூத்துவிடும்.

ஆந்தூரியத்துக்கு நான் என்ன சொல்ல? முப்பது வருஷம் வளர்த்தவள் நீ. அங்கே மழையும் மூடுபனியும் பாதி வேலையைச் செய்தன. மேற்கு வெயில் படாத மூலையில், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, இரட்டை நிழல் வலை கட்டி, தேங்காய் மட்டைத் துண்டில் வைத்துப் பார். எல்லாம் பிழைக்காது. நான்கைந்தை மட்டும் காப்பாற்று, மற்றதைக் கியூர்பிப்பில் தங்கச்சி வீட்டுக்கே அனுப்பிவிடு. வீட்டை விட்டு வந்ததே போதும், இதையும் விட வேண்டுமா என்று நீ நினைப்பது எனக்குத் தெரியும். அதனால்தான் நான்கைந்து என்றேன்.

மழை தொடங்கினால் ஆப்பிரிக்க நத்தை வரும், டார்ச்சோடு போய்ப் பொறுக்கு, வெறும் கையால் தொடாதே. முருங்கையை இந்த மாதமே தலை வெட்டிவிடு, புயலில் முதலில் முறிவது அதுதான். இரண்டாம் புயல் எச்சரிக்கை வந்ததும் தொட்டிகளை உள்ளே எடுத்து, நிழல் வலையை அவிழ்த்து, பறிக்கிற அளவுக்கு இருப்பதையெல்லாம் பறித்துவிடு. விதை டின் இந்தத் தடவை என் அலமாரியில், புடவைகளுக்கு நடுவில் இருக்கப்போகிறது. இன்னொரு டின் உன் வீட்டில் இருக்கட்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வா. காலை ஒன்பது மணிக்குள் வந்துவிடு, கன்றுகளை ஈரச் சாக்கில் சுற்றித் தருகிறேன், வெயில் ஏறுவதற்குள் நீ திரும்பிவிடலாம். அன்று மாலையே நட்டு, முதல் வாரம் ஓலை வைத்து நிழல் கொடு. ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடு. சோகை பரப்பியாகிவிட்டதா என்று வாசலிலேயே கேட்பேன்.

உன்
தேவி