டேமர் ஹாம்லினின் உயிரைக் காத்தவர்களுக்கு

அன்புள்ள டென்னி கெலிங்டன் அவர்களுக்கும், அன்று உங்களோடு மைதானத்துக்குள் ஓடிவந்த அத்தனை பேருக்கும்,

பஃபலோ பில்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ரசிகனாக, எங்கள் வீரர் ஹாம்லினைக் காப்பாற்றியதற்கு இந்த நன்றியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2023 ஜனவரி 2, சின்சினாட்டி. எதிரணியான சின்சினாட்டி பெங்கால்ஸின் டீ ஹிக்கின்ஸைத் தடுத்து வீழ்த்திய ஹாம்லின் எழுந்து நின்றார், உடனே மல்லாந்து சாய்ந்தார். 24 வயதுப் பையனுக்கு இதயம் நின்றுவிட்டது. இதயத் துடிப்பின் குறிப்பிட்ட ஒரு நுண்ணிய கணத்தில் மார்பில் அடி விழுந்தால் இப்படி ஆகுமாம். கொமோஷியோ கார்டிஸ் என்கிறார்கள். மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவி ஒரு நிமிடம் தாமதமானாலும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறையும். ஆஸ்பத்திரி போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

கெலிங்டன் சார், வீரர்களின் காயங்களைக் கவனிக்கும் அத்லெடிக் டிரெய்னரான உங்கள் அன்றாட வேலை கணுக்காலுக்குக் கட்டுப் போடுவதும் தசைப்பிடிப்பைச் சரிசெய்வதும்தான். ஆனால் அந்த இரவில், நாடே டிவியில் பார்த்துக்கொண்டிருக்க, கை நடுங்காமல் மார்பை அழுத்தி உயிர் மீட்கும் சி.பி.ஆர். கொடுத்தீர்கள். அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.-இன் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு மணி நேரம் முன்பு இரு அணிகளின் மருத்துவக் குழுக்களும் கூடி, அவசரம் என்றால் யார் என்ன செய்வது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று பேசிக்கொள்வார்கள் என்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பெரும்பாலும் தேவையே படாத அந்தக் கூட்டத்தை வாராவாரம் சலிக்காமல் நடத்திய உங்கள் எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

சின்சினாட்டி பல்கலைக்கழக மருத்துவமனையின் டாக்டர் பிரிட்ஸ், டாக்டர் நைட், உங்கள் செவிலியர்கள் எல்லோருக்கும் நன்றி. கண் விழித்ததும் ஹாம்லின் பேப்பரில் எழுதிக் கேட்டது, ஆட்டத்தில் ஜெயித்தோமா என்பதுதான். வாழ்க்கை ஆட்டத்தில் நீ ஜெயித்துவிட்டாய் என்று பதில் சொன்னீர்களே, அந்தச் செய்தி வந்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

அப்புறம், பெங்கால்ஸ் ரசிகர்களே, போட்டியை மறந்து எங்கள் ஆட்களோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்று பிரார்த்தனை செய்தீர்கள். இரு அணிப் பயிற்சியாளர்கள் ஷான் மெக்டெர்மட்டும் ஜாக் டெய்லரும் அன்று ஆட்டத்தைத் தொடர மனமில்லாமல் வீரர்களின் பக்கம் நின்றார்கள். சொந்த ஊரான மெக்கீஸ் ராக்ஸ் பிள்ளைகளுக்குப் பொம்மை வாங்க ஹாம்லின் 2,500 டாலர் இலக்கு வைத்துத் தொடங்கியிருந்த நிதியில் 80 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அதில் ஐந்து, பத்து டாலர் போட்டவர்களும் இந்த மடலைத் தங்களுக்கு எழுதியதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2021-இல் ஆறாம் சுற்றில் 212-ஆவது ஆளாக வந்தவர் ஹாம்லின். சக வீரர் மைக்கா ஹைட் காயப்பட்டதால்தான் 2022-இல் தொடக்க வரிசையில் இடம் கிடைத்தது. அப்படி அரும்பாடுபட்டுப் பிடித்த இடம் அதோடு போயிற்று என்றே நினைத்தோம். 2023 அக்டோபர் 1 அன்று மயாமிக்கு எதிராக மறுபடி இறங்கினார். 2024-இல் சேஃப்டியாக (தடுப்பு வரிசையின் பின்பக்க வீரராக) முதல் ஆட்டத்திலிருந்தே ஆடினார். அந்த செப்டம்பரில் ஜாக்சன்வில்லுக்கு எதிராக அவர் தன் முதல் இன்டர்செப்ஷனை, அதாவது எதிரணி எறிந்த பந்தை இடைமறித்துப் பிடித்தபோது நான் கத்திய கத்தலில் வீடே அதிர்ந்தது. அந்தச் சந்தோஷத்தை எனக்குக் கொடுத்தவர்கள் நீங்கள்.

மனமார்ந்த நன்றியுடன்,
ஒரு பில்ஸ் ரசிகன்