வேகமான ஒன்றைவிட சாதாரணமான இரண்டு மேல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டில் சேர்த்துவைத்த படம், பாட்டு, வீடியோக்களை டிவியில் பார்க்க எந்த டிஸ்க் வாங்கலாம் என்று தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகவே விளக்கியிருந்தார்கள். ஆனால் கையிலிருக்கும் பணம் மொத்தத்தையும் ஒரே எஸ்எஸ்டியில், அதாவது சுழலும் தட்டு இல்லாத, வேகம் கூடிய டிஸ்க்கில், போடச் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். கோயில் தமிழ் வகுப்பில் பாடம் எடுக்கிறேன். பிள்ளைகளின் வீட்டிலுள்ள பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றிக் கொடுப்பதும் அப்படியே என் வேலையாகிவிட்டது. 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழிவந்த குடும்பங்கள் இவை. பல வீடுகளில் இப்போது தமிழ் பேச ஆளில்லை. பாட்டி பாடிய தாலாட்டும், தாத்தா காவடி எடுத்ததும் அந்தக் கேசட்டில் மட்டும்தான் இருக்கின்றன. சினிமாப் படம் அழிந்தால் வேறு எங்காவது கிடைக்கும். இவை போனால் போனதுதான். ஆகவே டிஸ்க் எவ்வளவு வேகம் என்பதற்கு முன்னால், எத்தனை பிரதி இருக்கிறது, எங்கெங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

வேகத்துக்குப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதே இல்லை. 4கே ப்ளூரே படம்கூட அதிகபட்சமாக விநாடிக்கு 16 எம்பி அளவுதான் கேட்கும். இன்றைய சாதாரண ஹார்டு டிஸ்க் 150 எம்பி வரை தாராளமாகக் கொடுக்கும். படம் நின்று நின்று ஓடுகிறதென்றால் பெரும்பாலும் வைஃபை மந்தமாக இருக்கும். இல்லாவிட்டால், டிவிக்குப் பிடிபடாத வடிவத்தில் உள்ள வீடியோவை அந்த நேரத்திலேயே மாற்றி அனுப்பக் கணினி திணறும். எஸ்எஸ்டி வாங்கினால் இரண்டும் தீராது. டிவிவரை ஒரு நெட்வொர்க் கேபிள் இழுத்துப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே போய்விடும். கணினியில் உள்ள படங்களை டிவிக்கு அனுப்பும் ஜெல்லிஃபின் போன்ற இலவச மென்பொருளுக்குப் பழைய லேப்டாப் ஒன்றே போதும்.

இடக் கணக்கும் அப்படித்தான். அதிகம் சுருக்காமல் மாற்றினால் ஒரு மணி நேர விஹெச்எஸ் வீடியோ கேசட்டுக்குச் சுமார் 13 ஜிபி ஆகும். மூன்று மணி நேரக் கேசட் நூறு இருந்தாலும் 4 டிபியில் (4,000 ஜிபி) அடங்கிவிடும். எஸ்எஸ்டி வாங்கும் காசில் அந்த அளவு ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்கலாம்.

இரண்டு டிஸ்க்கை ஒரே நாஸ் பெட்டிக்குள் (வீட்டு நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) ரெய்டு போட்டு, அதாவது ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதியும்படி, வைத்தால் பாதுகாப்பு என்றும் கட்டுரையில் இருந்தது. ஒரு டிஸ்க் பழுதானால் அது காப்பாற்றும், உண்மைதான். ஆனால் பேரப்பிள்ளை தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். பெட்டியோடு திருட்டுப் போனாலும் இரண்டும் போகும். 2022 ஏப்ரலில் இங்கே பெய்த மழையில் நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மண்சரிவில் வீடுகளே அடித்துக்கொண்டு போயின. அப்படி ஒரு நாளில் மேல் அலமாரியிலும் கீழ் அலமாரியிலும் ஒவ்வொரு பிரதி வைத்திருந்து என்ன பயன்? இரண்டாவது டிஸ்க் அக்கா வீட்டிலோ, வேறு ஊரிலுள்ள மகன் வீட்டிலோ இருக்க வேண்டும். தீபாவளிக்குப் போகும்போது புதியதைச் சேர்த்து, பழைய வீடியோ நாலைந்தைத் திறந்தும் பார்த்துவிட்டு வரலாம்.

மின்சாரத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. 2023-இல் லோட் ஷெடிங், அதாவது மின் பற்றாக்குறையால் முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு, இங்கே உச்சத்தில் இருந்தபோது ஒரே நாளில் பல தடவை, தடவைக்கு இரண்டு மணி, நான்கு மணி என்று இருட்டில் உட்கார்ந்திருந்தோம். 2024 மார்ச் இறுதிக்குப் பிறகு அது பெரும்பாலும் நின்றது. ஆனாலும் கேபிள் திருட்டும் சப்ஸ்டேஷன் கோளாறும் நின்றபாடில்லை. டிஸ்க்கில் பதிந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபைல் கெடும். திரும்பி வரும்போது வரும் அதிக மின்னழுத்தம் டிஸ்க்கையே கெடுக்கும். இங்கே பல வீடுகளில் ரூட்டருக்கென்றே ஒரு குட்டி யுபிஎஸ் வைத்திருக்கிறார்கள். நாஸுக்கும் ஒன்று வேண்டும், அதை யுஎஸ்பி வயரால் இணைக்கவும் வேண்டும். அப்போதுதான் பேட்டரி தீருமுன் நாஸ் தானாகவே ஒழுங்காக அணையும்.

அப்புறம் இன்னொன்று. வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அப்பா, ஆன்லைனில் மலிவாகக் கிடைத்தது என்று 16 டிபி எஸ்எஸ்டி ஒன்றைக் கொண்டுவந்தார். கையில் எடுத்தால் கனமே இல்லை. கத்தி முனையால் மூடியை நெம்பினேன். உள்ளே சின்னதாக ஒரு சர்க்யூட் பலகை, அதில் பசை வைத்து ஒட்டிய ஒரு மெமரி கார்டு, அவ்வளவுதான். 16 டிபி என்று கணினியிடம் பொய் சொல்லும்படி அதை மாற்றிவைத்திருந்தார்கள். கல்யாண வீடியோக்கள் எல்லாவற்றின் பெயரும் திரையில் வரிசையாகத் தெரிந்தது. முதலில் ஏற்றிய சில மட்டும் திறந்தன, மற்றவை திறக்கவில்லை. நல்லவேளை, கேசட்டுகளை அவர் இன்னும் தூக்கிப் போடவில்லை. டிஸ்க் எதுவானாலும், வாங்கிய அன்றே முழுக் கொள்ளளவுக்கும் எழுதித் திரும்பப் படித்துச் சோதியுங்கள். எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது.

கட்டுரையாளர் அடுத்து இதைப் பற்றி எழுதும்போது விலைப் பட்டியலோடு யுபிஎஸ்ஸையும், வெளியூரில் வைக்கும் பிரதியையும் சேர்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
சாட்ஸ்வொர்த், டர்பன்